வேலையை விட்டுவிட்டு மண்பாண்ட ஸ்டுடியோ தொடங்கலாமா?

கேள்வி (கோவை)
எனக்கு 34 வயது, மென்பொருள் வேலை. இரண்டு வருடமாக சனி, ஞாயிறுகளில் வீலில் (குயவர் சக்கரம்) பாத்திரம் செய்யக் கற்றுக்கொள்கிறேன். மண்ணை மையத்தில் நிறுத்த வந்துவிட்டது, கோப்பை, கிண்ணம் வரை கைக்கு வந்திருக்கிறது. வேலையை விட்டு, மாடியில் ஒரு எலக்ட்ரிக் சூளை வைத்து முழுநேரமாக இறங்க ஆசை. ஒரு வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது. இதை வைத்தே பிழைப்பவர்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகிறது? அம்மா கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் 1 (புதுச்சேரி)
பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. வீலில் உட்காருவது வாரத்தில் இரண்டு நாள்தான் தோழி. மற்ற நாளெல்லாம் மிச்ச மண்ணை ஊறவைத்துப் பிசைவது, அடி செதுக்குவது, கைப்பிடி ஒட்டுவது, மேலே பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் கலக்குவது, சூளை அடுக்குவது, அப்புறம் உடையாமல் பொட்டலம் கட்டுவது. வாடகை வருவது வார இறுதி வகுப்பிலிருந்து. பானை விற்ற காசு மண்ணுக்கும் கரண்டுக்கும் போய் மிஞ்சினால்தான் எனக்கு.

இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையை ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கினார்கள். மீக்கரைச் சிற்பத்துக்காகவும், மண்ணால் கட்டிய வீட்டையே சூளையாக்கிச் சுட்ட சோதனைக்காகவும் பேசுகிறோம். ஆனால் அந்த இடத்தை நிற்கவைத்தது தினமும் செய்து விற்ற தட்டும் கோப்பையும்தான் என்று நான் நினைக்கிறேன். முதலில் ஒரே கோப்பையை நூறு தடவை செய்யுங்கள், நூறும் ஒன்றுபோல வருகிறதா பாருங்கள். அதிகச் சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும், அந்தக் கணக்கு கைக்குப் பழக வேண்டும்.

பதில் 2 (புதுக்கோட்டைப் பக்கம்)
நாங்கள் வேளார் வீடு. அப்பா பானையும் செய்வார், அய்யனார் கோயிலுக்குக் குதிரையும் செய்வார். தங்கச்சி, உங்கள் வேலையும் எங்கள் வேலையும் வேறுதான். நாங்கள் சக்கரத்தில் அடியில்லாமல் எடுத்து, கொஞ்சம் காய்ந்த பிறகு உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவோம். சுடுவது வைக்கோல், விறகு, வறட்டியில், கிளேஸ் கிடையாது. ஆனால் மழை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பொங்கலுக்குப் பானை வேண்டும் என்பார்கள், அதைக் காயவைக்க வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில் வெயிலே இருக்காது. கையில் இருக்கும் பணத்தை ஒரு வருடம் என்று எண்ணாதீர்கள், எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று எண்ணுங்கள். அப்புறம் ஒன்று, ஊர்க் குயவரிடம் போய் ஒரு மாதம் உட்காருங்கள். மண்ணைத் தொட்டே அதில் எவ்வளவு மணல் சேர்க்க வேண்டும் என்று சொல்வார்கள், வகுப்பில் அது கிடைக்காது.

பதில் 3 (சென்னை)
சூளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் வருடம் அவசரத்தில் சூடு ஆறுமுன் திறந்து ஒரு அடுக்குத் தட்டை இழந்தேன், டிங் டிங்கென்று விரிசல் விழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற தாது 573 டிகிரி செல்சியஸ் வாக்கில் சட்டென்று அளவு மாறும், அந்த இடத்தை மெதுவாகக் கடக்க விட வேண்டும். சூடு ஏற்ற ஒரு பகல் என்றால் ஆற இன்னொரு நாள் முழுக்க விடுங்கள். விலை போடும்போது உடைந்ததையும் சேர்த்துப் போடுங்கள், நாற்பது கோப்பை அடுக்கினால் விற்கத் தகுந்தது முப்பத்திரண்டு வந்தாலே எனக்கு நல்ல நாள்.

இன்னொன்று, தயவுசெய்து காய்ந்த மண் தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அதில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும், வந்த பாதிப்பு திரும்பாது. ஈரத்துணியால் துடையுங்கள், கிளேஸ் பொடி அளக்கும்போது முகக்கவசம் போடுங்கள். வீட்டு மாடி, அம்மாவும் இருக்கிறார் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கேட்டவர்
எல்லோருக்கும் நன்றி, அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். வேலையை இப்போது விடவில்லை. சூளையை மட்டும் வாங்கி, இந்த ஐப்பசி, கார்த்திகையை அதோடு கழித்துப் பார்க்கிறேன். புதுக்கோட்டை அண்ணா, தை மாதம் அப்பாவிடம் வந்து உட்காரலாமா?

பதில் 2
தை வேண்டாம், மாசிக்கு வாங்க. பொங்கல் முடிந்து அப்பா கொஞ்ச நாள் படுத்து எழுவார்.