புதுப்பிப்பு: நியூயார்க்கின் இத்தாலியப் பகுதி, ஆர்தர் அவென்யூ போய் வந்தாச்சு

நியூயார்க்கில் இத்தாலியப் பகுதியைப் பார்க்க மன்ஹாட்டன் லிட்டில் இத்தாலிக்குப் போவதா, பிராங்க்ஸ் ஆர்தர் அவென்யூவுக்குப் போவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிராங்க்ஸ் போகச் சொன்னவர் பேச்சைக் கேட்டது நல்லதாப் போச்சு.

மன்ஹாட்டனின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் மெட்ரோ-நார்த் ரயில் ஏறினால் ஃபோர்டம் நிலையம் சுமார் 20 நிமிடம்; பிறகு நடைதான். முதலில் உள்சந்தைக்குப் போங்கள். தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களுக்காக மேயர் லா கார்டியா காலத்தில், 1940-இல் திறந்தது. காய்கறி, சீஸ், இறைச்சி, கையால் சுற்றும் சுருட்டு எல்லாம் ஒரே கூரைக்குள். மன்ஹாட்டன் லிட்டில் இத்தாலியின் மல்பெரி தெருவில் பெரும்பாலும் சுற்றுலாக் கூட்டம். இங்கே அக்கம்பக்கத்தார் வீட்டுக்குச் சாமான் வாங்குகிறார்கள்.

எதிர்பாராதது, அல்பேனியக் கடைகள். கனோலியைவிட (சீஸ் கிரீம் அடைத்த இத்தாலிய இனிப்பு) அவர்களுடைய சூடான பூரெக்தான் (மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் சீஸ், கீரை அல்லது இறைச்சி வைத்துச் சுடுவது) எனக்குப் பிடித்தது (அடிக்க வராதீர்கள்).

சைவக்காரர்கள் கவனிக்க: அசல் பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி உண்டு. ஞாயிறன்று சில கடைகள் திறப்பதில்லை, சனிக்கிழமை போங்கள்.