பாட்டைக் கோப்பாக வைத்திருப்பதா, மாதச் சந்தாவில் கேட்பதா? கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

மலைப்பூண்டு (பண்ணைக்காடு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டில் தொண்ணூறுகளின் இறுதிவரை பாடல் பதிவு நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட அல்லது தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்து, அட்டையில் தம் கையெழுத்தில் பாடல் வரிசையையும் எழுதித் தருவார். அவர் விட்டுச்சென்ற இரும்புப் பெட்டியில் சினிமாப் பாடல்களோடு, திருவிழாவில் வாசித்த நையாண்டி மேளம், கல்யாண வீட்டில் பெண்கள் பாடிய நலங்குப் பாட்டு, எங்கள் அப்பத்தாவின் தாலாட்டு என்று வேறு எங்கும் கிடைக்காத பதிவுகளும் இருக்கின்றன. இவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும். எந்தக் கோப்பு வடிவத்தில் வைப்பது, எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது?

இரண்டாவது கேள்வி. சினிமாப் பாடல்களுக்கு இத்தனை உழைப்பு எதற்கு, மாதச் சந்தா கட்டிக் கைப்பேசியில் கேட்கலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் ஏற்கெனவே ஒரு சேவையில் சந்தா கட்டியிருக்கிறேன். ஆனால் காற்றடி காலத்தில் மரம் விழுந்து மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் சேர்ந்து நின்றுவிடும்போது, இறக்கி வைத்த பாடல்கள்கூட இணையத்தில் நுழைந்து கணக்கைச் சரிபார்க்கச் சொல்லி மறுத்துவிடுகின்றன. சில பாடல்கள் பட்டியலில் இருந்தபடியே சாம்பல் நிறமாகிவிட்டன, ஏன் என்று எவரும் சொல்வதில்லை.

மூன்றாவதாக, பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் தம்பி, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் பதியாவிட்டால் எல்லாம் வீண் என்றும், அதற்கேற்ற விலையுயர்ந்த கேபிள்கள் வாங்க வேண்டும் என்றும் சொல்கிறான். அது உண்மையா?

கூக்கால்_ஏரி எழுதியது:

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். கேசட் வேலையை அறிந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். பாட்டைக் கோப்பாக உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு விற்ற கணினி நிறுவனங்களின் இருபது ஆண்டுக் கதையைத் தெரிந்துகொண்டவர் எவரும் வேறு யோசனை சொல்ல மாட்டார்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2004-இல் பிளேஸ்ஃபார்ஷ்யூர் என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. முத்திரை உள்ள கடையில் வாங்கிய பாட்டு, முத்திரை உள்ள எந்தக் கருவியிலும் ஒலிக்கும் என்பது ஏற்பாடு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2006 நவம்பரில், அதே நிறுவனம் சூன் என்ற தன் சொந்தக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அந்தக் கருவியோ பிளேஸ்ஃபார்ஷ்யூர் பூட்டு (அனுமதி பெறாத கருவியில் பாட்டை ஒலிக்க விடாத தடுப்பு) போட்ட பாட்டுகளை இசைக்க மறுத்தது. ஒரே நிறுவனத்தை நம்பிப் பாட்டும் வாங்கி, கருவியும் வாங்கியவர் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வழியில்லாமல் நின்றார். பிறகு 2008 ஏப்ரலில், அந்நிறுவனத்தின் எம்எஸ்என் மியூசிக் கடையில் பாட்டு வாங்கியவர்களுக்கு, அவ்வாண்டு ஆகஸ்ட் 31-க்குப் பிறகு உரிமம் வழங்கும் சேவையகத்தை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. புதுக் கணினி வாங்கினால் பழைய பாட்டுகளை அதற்கு மாற்ற முடியாது என்பதே அதன் பொருள். கடும் எதிர்ப்பு எழுந்த பிறகு அந்தக் கெடுவை 2011 இறுதிவரை நீட்டித்தார்கள். யாகூவும் அதே 2008-இல் தன் பாட்டுக்கடையை மூடியது.

சூன் கருவியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கணினிப் பிரியர்கள் கூடும் இடங்களில் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துப் பேசப்படும் கதை அது. 2008 லீப் ஆண்டு. அதன் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று, முதன்முதலில் வந்த 30 ஜிபி சூன் கருவிகள் உலகெங்கும் ஒரே நாளில் உறைந்து நின்றன. ஆண்டின் 366-ஆம் நாள் வந்தால் என்ன செய்வது என்பதை நாள்காட்டி நிரலை எழுதியவர் சரியாகக் கையாளாததால், நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மின்கலம் முழுவதும் தீரும்வரை விட்டுவிட்டு, புத்தாண்டு நாளில் கிரீன்விச் நேரப்படி நண்பகல் கடந்த பின் இயக்கிப் பாருங்கள் என்பதே நிறுவனம் சொன்ன தீர்வு. வருடம் பிறந்ததும் கருவிகள் தாமாகவே குணமாகிவிட்டன.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. ஃபிளிப்கார்ட் 2012-இல் ஃபிளைட் என்ற பாட்டுக்கடையைத் திறந்து அடுத்த ஆண்டே மூடியது. ஆனால் அங்கே விற்றவை பூட்டில்லாத எம்பி3 கோப்புகள் என்பதால், அப்போது வாங்கி இறக்கி வைத்தவர்கள் இன்றும் அவற்றைக் கேட்கலாம். ஏர்டெல்லின் பாட்டுச் சேவையான விங்க் 2014-இல் தொடங்கியது, 2024-இல் அதை மூடுவதாக அறிவித்தார்கள். அங்கே பத்தாண்டுகள் பட்டியல் கோத்தவர்கள் வேறு சேவையில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

குறுந்தட்டு வாங்கியவர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். 2005-இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில குறுந்தட்டுகளைக் கணினியில் இட்டால், நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று தன்னைக் கணினிக்குள் ஒளித்துக்கொண்டு அமர்ந்துவிடும். மார்க் ரஸ்ஸினோவிச் என்ற வல்லுநர் அதைக் கண்டுபிடித்து வெளியிட்ட பிறகு, அந்தத் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். திருட்டுப் பதிப்பைக் கேட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை, காசு கொடுத்து வாங்கியவரின் கணினிதான் கெட்டது.

ஆப்பிளைப் பற்றி ஒரு நல்ல சொல். 2003-இல் ஐடியூன்ஸ் கடையைப் பூட்டோடு திறந்தவர்கள், 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய திறந்த மடலில், இசை நிறுவனங்கள் ஒப்புக்கொண்டால் பூட்டை நீக்கத் தயார் என்றார்கள். 2009-இல் பாட்டுகளுக்கான பூட்டை நீக்கியும் விட்டார்கள்.

நாடாச்சுருள் எழுதியது:

அம்மா, அப்பத்தாவின் தாலாட்டு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் உடனே விடை எழுத வேண்டும் என்று தோன்றியது. சினிமாப் பாடல்கள் எங்காவது கிடைத்துவிடும். வீட்டுப் பதிவுகளுக்கு அந்த ஒரு நாடாதான் மூலம், ஆகவே அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

நல்ல நிலையில் உள்ள கேசட் டெக் ஒன்று வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி வாக்மேன் வகைக் கருவிகளில் நாடா ஓடும் வேகமே நிலையாக இராது, அவற்றை வாங்காதீர்கள். பழைய டெக்கைப் பழுது பார்த்து ரப்பர் பெல்ட் மாற்றுபவர்கள் வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரைப் பக்கம் விசாரித்தால் அகப்படுவார்கள். ஒவ்வொரு சில கேசட்டுக்கும் ஒரு முறை, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால், நாடாவில் உரசி ஒலியைப் படிக்கும் ஹெட்டையும் நாடாவை இழுக்கும் அச்சையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். ரப்பரை மட்டும் மென்மையாகத் துடைத்து உலரவிட வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஹெட்டின் சாய்வு. பதிவு செய்த கருவியின் ஹெட்டும் இப்போது இசைக்கும் கருவியின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால், ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். ஹெட்டின் ஓரத்தில் உள்ள சிறு திருகை, நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லத் திருப்பி, உச்ச ஒலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பெரியப்பாவின் கேசட்டுகள் பெரும்பாலும் ஒரே கருவியில் பதிந்தவையாக இருக்கும் என்பதால், ஒரு முறை சரிசெய்தால் பலவற்றுக்கும் பொருந்தும். அட்டையில் டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) என்று குறியிட்டிருந்தால் மட்டும் டெக்கிலும் டால்பியை இயக்குங்கள்.

மடிக்கணினியின் மைக் துளையில் நேரே செருகாதீர்கள். பெரும்பாலானவற்றில் அது ஒற்றை ஒலித்தடம் மட்டுமே எடுக்கும், இரைச்சலும் அதிகம். டெக்கின் ஒலியை நேரே வாங்கும் லைன் உள்ளீடு கொண்ட எளிய யுஎஸ்பி ஒலிக்கருவி போதும். மென்பொருளுக்குச் செலவே இல்லை: ஒலிப்பதிவுக்கான ஆடாசிட்டி போதுமானது, 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகவும் திறந்த மூல நிரலாகவும் கிடைத்து வருகிறது. ஒலியின் உச்சம் திரையில் -6 டெசிபெல்லைத் தாண்டாமல் அளவை வைத்து, கேசட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகப் பதிந்து, ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை மூலக் கோப்பின்மேல் ஏவவே கூடாது. வேண்டுமானால் நகலெடுத்து அதன்மேல் செய்து பாருங்கள்.

ஃபிளாக் 2001 முதல் இருக்கும் திறந்த வடிவம், ஒரு துளி ஒலியையும் இழக்காமல் சுருக்கும், 2024 டிசம்பரில் இணையத்தின் முறையான தரநிலைகளில் ஒன்றாகவும் வெளியாகிவிட்டது. எந்த நிறுவனம் மூடினாலும் அதைத் திறக்க மென்பொருள் இருக்கும்.

அலைநீளம் எழுதியது:

தம்பியின் 192 கிலோஹெர்ட்ஸுக்கு வருகிறேன். நொடிக்கு எத்தனை முறை மாதிரி எடுக்கிறோமோ, அதில் பாதி அதிர்வெண் வரை ஒலியை முழுமையாக மீட்கலாம் என்பது கணித உண்மை. குறுந்தட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும், மனிதச் செவியின் எல்லையோ 20 கிலோஹெர்ட்ஸ், அதுவும் இளம் வயதில். கேசட் நாடா அந்த எல்லையைக்கூடத் தொடாது. ஆகவே 192-இல் பதிந்தால் வன்தட்டுதான் நிறையும், பாட்டில் எதுவும் கூடாது. ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பதைக் குறிக்கும் 24 பிட்டுக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு: பதியும்போது ஒலி அளவைச் சற்றுத் தாழ்த்தி வைத்தாலும் தரம் குறையாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்று சுருக்குவதற்கு முன் ஏறத்தாழ ஒன்றரை ஜிபி வரும்.

கேபிள் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன். யுஎஸ்பி கேபிளில் போவது எண்கள். பழுதில்லாத சாதாரணக் கேபிளில் அவை பிழையின்றிப் போய்ச் சேரும்போது, தங்க முலாமும் பட்டு உறையும் அவற்றை இன்னும் இனிமையாக்க வழியே இல்லை. நம்பாதவர்கள், எது எந்தக் கோப்பு என்று தெரியாமல் கேட்டு அடையாளம் சொல்லும் மறைசோதனையைச் செய்து பார்க்கட்டும். நீல் யங் என்ற புகழ்பெற்ற பாடகர் உயர்தர ஒலிக்காகவே போனோ என்ற கருவியை முன்வைத்து, 2014-இல் பொதுமக்களிடமிருந்து அறுபது லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். அது சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. தம்பியைக் குறை சொல்ல வேண்டாம், கணினித் துறையில் பெரிய எண்ணைக் கண்டால் மயங்காதவர்கள் குறைவு.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: மாற்றி முடித்த பிறகும் கேசட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். இதே மலையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். அந்தப் பழைய படங்கள் பிற்காலத்தில் 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட படங்களாக எண்ணிம வடிவம் பெற்று, நூறாண்டுச் சூரியப் புள்ளிகளை ஆராய உதவுகின்றன. மூலத்தைக் காத்து வைத்ததால்தான் அது கைகூடியது. கோப்புகளுக்கும் ஒரு பிரதி மலையிலும், இன்னொன்று சமவெளியில் உறவினர் வீட்டிலும் இருக்கட்டும்.

பெருமாள்மலை_ஜீப் எழுதியது:

ஃபிளாக்கில் சேமியுங்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் பாட்டுக் கேட்பவர் எல்லாரும் கணினி முன்னால் உட்கார்ந்து கேட்பதில்லை. எங்கள் ஜீப்புகளிலும் மலைப் பேருந்துகளிலும் உள்ள பிளேயர்களில் பல, ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவையும் எம்பி3 கோப்பையும் மட்டுமே படிக்கும். ஆகவே ஃபிளாக்கிலிருந்து எம்பி3 நகல் ஒன்றையும் எடுத்து வையுங்கள். 2017-இல் எம்பி3-இன் உரிமத் திட்டம் முடிந்தபோது, அந்த வடிவமே செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. காப்புரிமைகள் காலாவதியாகி எல்லாருக்கும் பொதுவானதுதான் உண்மையில் நடந்தது.

பாடல் பெயர்களை யூனிகோடு தமிழில் எழுதுங்கள். பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் பெயரிட்ட கோப்புகள் இன்று படிக்க முடியாத குப்பையாகத் தெரிகின்றன. வண்டி பிளேயர் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டினால், கோப்பின் பெயருக்கு முன் 001, 002 என்று எண் மட்டும் சேருங்கள், வரிசை கலையாது.

சந்தாவையும் முழுவதும் ஒதுக்க மாட்டேன். புதிதாக வரும் பாட்டுகளை ஒரு முறை கேட்டுப் பார்க்க அது நல்ல வசதி. பிடித்துப்போனதை மட்டும் விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். இணையமே இல்லாத நாளில் கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலை 100.5 இருக்கிறது, அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை.

மலைப்பூண்டு எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பத்தாவின் பதிவிலிருந்தே தொடங்குகிறேன், தம்பிக்கும் இந்த விடைகளை அனுப்பிவிட்டேன். பெட்டியை இன்று முழுவதுமாகப் பிரித்துப் பார்த்தபோது, சில கேசட்டுகளின் நாடா விளிம்பில் வெள்ளையாகப் பூசணம் படிந்திருந்தது. அவற்றை ஓட விடலாமா?

நாடாச்சுருள் எழுதியது:

கூடாது அம்மா. பூசணம் பிடித்த நாடாவை ஓடவிட்டால் அது ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும், நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அறுந்தும் போகலாம். அவற்றை உடனே வேறு பெட்டிக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி, சில வாரம் ஈரம் வற்றவிடுங்கள். தொடும்போது முகக்கவசம் அணியுங்கள், பூசணத் தூள் மூச்சுக்கு நல்லதல்ல. உலர்ந்த பிறகு, திருகு போட்ட வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றி, இதற்கென்றே ஒதுக்கிய பழைய டெக்கில், மெல்லிய துணியை நாடாவில் படும்படி பிடித்துச் சுற்றித் துடைக்க வேண்டும். வீட்டுப் பதிவு உள்ள நாடா என்றால் நீங்களே முயலாமல், பழக்கப்பட்டவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். அதுவரை ரீவைண்ட் செய்துகூடப் பார்க்க வேண்டாம்.