ட்ரக்கோமா குறைந்ததா? வீடு வீடாக அளப்பவர்கள் சொல்வது

ஆப்டோமெட்ரிஸ்ட், நாகர்கோவில்:
கண் இமையின் உட்புறத்தைப் பாதிக்கும் தொற்றுநோயான ட்ரக்கோமா இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்துவிட்டது, இனி எதை அளக்க என்று கேட்கிறார்கள். கிருமியே இல்லை என்று அந்தச் சான்று சொல்லவில்லை. 1 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் டி.எஃப். (இமையின் உட்புறம் சிறு புடைப்புகள் வரும் ட்ரக்கோமா அழற்சி) 5 சதவீதத்துக்குக் கீழே. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம், சுகாதாரத் துறைக்குத் தெரியாத டி.டி. (இமை முடி உள்ளே திரும்பிக் கண்ணில் உரசும் நிலை) 0.2 சதவீதத்துக்குக் கீழே. புதிதாக டி.டி. வருகிறவர்களைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தர ஏற்பாடு. அவ்வளவுதான்.

டி.எஃப். எழுத, மேல் இமையின் உட்புறம், நடுப்பகுதியில், 0.5 மி.மீ.க்குக் குறையாத ஃபாலிக்கிள் (அந்தச் சிறு புடைப்பு) குறைந்தது ஐந்து வேண்டும். ஓரத்தில் உள்ளவை கணக்கில் வராது. 2.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி, நல்ல வெளிச்சம், ஒவ்வொரு ஆளுக்கும் நடுவே கையில் சானிடைசர். நம்ம பக்கத்தில் ஏமாற்றுவது அலர்ஜிக் கண். அதில் வருவது பாப்பிலா என்ற வேறு வகைப் புடைப்பு. அதன் நடுவில் ரத்தக்குழாய் தெரியும். மெட்ராஸ் ஐயிலும் ஃபாலிக்கிள் வரும். நோய் அரிதான இடத்தில் பரிசோதகர் கொஞ்சம் தாராளமாக எழுதினாலும் போதும், கிடைக்கும் பாசிட்டிவில் பெரும்பகுதி பொய்யாகிவிடும்.

கணக்கெடுப்புப் பணியாளர், தக்கலை:
மாவட்டத்துக்கு ஒரே எண் போடுவது சரிவராது. ஒரு மதிப்பீட்டு அலகுக்கு, அதாவது தனியாக அளந்து தனி எண் போடும் பகுதிக்கு, 1 முதல் 2.5 லட்சம் பேர். 2011 கணக்கில் குமரியின் மக்கள்தொகை ஏறத்தாழ 18.7 லட்சம், குறைந்தது எட்டு அலகு.

டி.எஃப். 4 சதவீதம் இருக்கும், 2 சதவீதம் முன்பின் பிசகலாம் என்று வைத்தால் ஒரு அலகுக்கு 370 பிள்ளைகள் போதும். ஆனால் ஒரே தெருப் பிள்ளைகளுக்கு ஒன்றுபோலத் தொற்றும் என்பதால் அதை 2.65-ஆல் பெருக்கணும், ஏறத்தாழ 980. வீட்டில் இல்லாதவர்களுக்காக மேலும் ஐந்தில் ஒரு பங்கு.

அந்த 'வீட்டில் இல்லாதவர்'தான் பெரிய தலைவலி. காலை பத்து மணிக்குப் போனால் பள்ளிக்கூடம் போகாத சின்னதுகள் மட்டும் சிக்கும்; அவர்களிடம் டி.எஃப். அதிகம் என்பதால் எண் ஏறித் தெரியும். தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். பார்ப்பதெல்லாம் பெண்கள், முதியோர். டி.டி. பெண்களிடமே அதிகம் என்பதால் அதுவும் ஏறும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் விடுபட்ட வீட்டுக்குச் சாயங்காலம் மறுபடி போங்க. பிறகு டி.எஃப்.க்கு ஒவ்வொரு வயதாகவும், டி.டி.க்கு வயது, பால் இரண்டாலும் மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்தணும்.

கிராம சுகாதார செவிலியர், குளச்சல்:
பாட்டிமார் டி.டி. என்று சொல்லமாட்டார்கள், "கண்ணுக்குள்ள முடி குத்துது மக்கா" என்பார்கள். முந்தின நாளே இடுக்கியால் முடியைப் பிடுங்கியிருந்தால் இமை சுத்தமாகத் தெரியும். அதனால் முடி பிடுங்குவீங்களா என்று கேளுங்க. பிடுங்கிய தடம் இருந்தாலும் டி.டி.தான். கீழ் இமை முடி 2018-க்குப் பிறகு கணக்கில் இல்லை. அறுவை செய்தும் திரும்பி வந்தவர், வேண்டாம் என்று மறுத்தவர், தேதி வாங்கிக் காத்திருப்பவர் எல்லாரும் சுகாதாரத் துறைக்குத் 'தெரிந்தவர்'. இதையெல்லாம் கேட்காமல் விட்டுவிட்டால் 0.2 என்ற வரம்புக்கே பொருளில்லை.

ஆப்டோமெட்ரிஸ்ட், நாகர்கோவில்:
எப்போது அளப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க. ஊர் முழுக்க அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாடுகளில் கடைசிச் சுற்று முடிந்து ஆறு மாதமாவது கழித்துத்தான், மருந்தின் பலனை அளக்கும் தாக்கக் கணக்கெடுப்பு. டி.எஃப். 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மருந்தை நிறுத்தி, இரண்டு வருடம் கழித்து மறுபடி அளக்கணும். தொற்று போன பிறகும் ஃபாலிக்கிள் மாதக்கணக்கில் நிற்கும். சீக்கிரம் பார்த்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும்.