புதுப்பிப்பு: என் சைமா ராணுவக் கடிகாரம்தான்!

கறுப்பு முகப்பில் அம்புக்குறி (பிரிட்டிஷ் அரசு உடைமைக்கான அடையாளம்) உள்ள, சைமா என்ற சுவிஸ் நிறுவனத்தின் என் பழைய கைக்கடிகாரம் ராணுவத்துக்காகச் செய்ததா என்று போன வாரம் கேட்டிருந்தேன். முகப்பை யாரும் மாற்றியிருக்கலாம், பின்மூடியைப் பாருங்கள் என்றீர்கள்.

சரி, நேற்று துடைத்துப் பார்த்தேன். அழுக்குக்கடியில் அதே அம்புக்குறி, டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. என்ற எழுத்துகள், ‘பி’யில் தொடங்கும் எண்! நீர்புகாத கைக்கடிகாரம் என்பதற்கான பிரிட்டிஷ் ராணுவச் சுருக்கம்தான் அந்த மூன்று டபிள்யூ. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 வாக்கில், சைமா உட்பட 12 சுவிஸ் நிறுவனங்கள் செய்து கொடுத்த வகை. அந்த வகைக்கு உரியபடி, வார் மாட்டும் கம்பிகளும் கழற்ற முடியாதபடி உடலோடு நிலையாக இருக்கின்றன. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

அப்புறம், முள்ளில் கதிரியக்கம் உள்ள ரேடியம் பூச்சு இருக்கும் என்பதால் முகப்பைத் திறந்து சுரண்ட வேண்டாம் என்று பழுதுபார்ப்பவரிடம் சொல்லிவிட்டேன். வழிகாட்டிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.