தெரு விழா: ஒரே பெரிய மேடையா, வாசலுக்கு வாசல் சின்னக் கூட்டமா?

தெருமுனை:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இந்த வாரக் கடைசியில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. செப்டம்பர் கடைசியில் தெருவை ஒரு நாள் அடைத்து, மேடை, மைக் செட், பிள்ளைகள் நிகழ்ச்சி, பரிசு என்று ஒரே பெரிய விழாவாக நடத்தலாம் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் வேண்டாம், பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து அவரவர் வாசலில் மேஜை போட்டு ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. கோடையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், குளிர் வந்துவிட்டால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள், நடுவில் கிடைப்பது இலையுதிர்காலத்தின் இந்த ஐந்தாறு வாரம்தான். அதையும் வாசலுக்கு வாசல் பிரித்துக் கொடுத்தால் ஆளாளுக்கு அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் மழை வந்து முடித்துவைக்கும். உங்கள் பக்கம் எது எடுபட்டது, எது படுத்துக்கொண்டது, உள்ளபடி சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:
மேடை போட்ட விழாவுக்குப் போய்ப் புதிதாக ஒருவரைத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லும் ஓர் ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம். நாற்காலியை வரிசையாகப் போட்டு, எல்லாரும் மேடையைப் பார்க்கிற மாதிரி உட்காரவைத்துவிட்டு, அக்கம்பக்கத்தார் பழகுவதில்லை என்று அலுத்துக்கொள்வதில் என்ன நியாயம்? பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாயைத் திறந்தால் முன்வரிசை திரும்பி முறைக்கும். மைக் அலறும்போது அதுவும் காதில் விழாது. தெரிந்தவர் தெரிந்தவரோடு வருவார், தன் பிள்ளையின் நிகழ்ச்சி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுநாள் லிஃப்ட்டில் பார்த்தால் அதே பழைய அரைச் சிரிப்பு.

பாரிஸில் 17ஆம் வட்டாரத்தில் 1999இல் அத்தனாஸ் பெரிஃபான் என்ற நகரசபைக்காரர் தொடங்கிவைத்த அண்டைவீட்டார் விழா இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதற்கு மேடை தேவைப்படவில்லை. ஒரு கட்டடத்து ஆட்கள் தங்கள் முற்றத்திலோ வாசலிலோ கூடுவார்கள், ஆளுக்கு ஒன்று கொண்டுவருவார்கள், அவ்வளவுதான். அது வசந்தத்தின் கடைசியில் நடப்பது என்று யாராவது சொல்லவருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது அளவைப் பற்றி.

ஒலிபெருக்கி:
மூன்றாம்மாடி சார், நீங்கள் சொல்லும் வாசல் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? ஏற்கெனவே பேசிக்கொள்கிற நாலு குடும்பம். கூச்ச சுபாவம் உள்ளவன் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு வரவே மாட்டான், வந்தால் அத்தனை கண்ணும் அவன்மேல் விழும். நல்ல கூட்டமாக இருந்தால்தான் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் நழுவலாம்.

நான் வருடக்கணக்காக மைக் செட் கட்டுகிறவன். என் தொழிலுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பழக்கம் மேடைக்கு முன்னால் வருவதில்லை என்பது வாஸ்தவம்தான், அது மேடைக்குப் பின்னால் வரும். வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டும்போது, பெஞ்சு தூக்கும்போது. ஒரு தடவை திடீரென்று காற்றடித்து, தார்ப்பாயை நாலு மூலையில் நாலு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் இரண்டு பேர் பார்க்கிங் சண்டையில் பேச்சை நிறுத்தியவர்கள். ஒருவர் 'விடாதீங்க, உங்க பக்கம் தண்ணி தேங்குது' என்று கத்த, இன்னொருவர் 'நீங்க கொஞ்சம் தூக்குங்க' என்று கத்த, அப்படியே பேச்சு வந்துவிட்டது. உங்கள் மடக்கு மேஜையில் இது நடக்குமா?

இரவுப்பணி:
மைக் செட் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி. ஸ்பீக்கரை எந்தப் பக்கம் பார்த்து வைப்பீர்கள்? நான் மருத்துவமனையில் இரவு டூட்டி பார்க்கிறவள், பகலில்தான் தூங்குவேன். விழா என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது பிள்ளைகளும் வயதானவர்களும். ஷிஃப்ட் வேலைக்காரர், கைக்குழந்தைக்காரர், உடம்பு சரியில்லாதவர் எல்லாம் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபெல் என்றால் 32 மீட்டர் தள்ளியும் 70 இருக்கும். இரண்டு பக்கமும் அடுக்குமாடி நிற்கிற தெருவில் சுவரில் மோதித் திரும்புவதால் அந்த அளவுக்குக்கூடக் குறையாது. இரவில் வீட்டுக்கு வெளியே சராசரி 40 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எனக்குப் பகலில் அந்த 40 கிடைக்காது, அது தெரியும். ஆனால் காலை 10 மணிக்கு 'ஹலோ மைக் டெஸ்டிங்' ஆரம்பித்து ராத்திரி 10 மணி வரை ஓடுவதற்குச் சமூக ஒற்றுமை என்று பெயர் வைக்காதீர்கள்.

ஒலிபெருக்கி:
மேடம், நியாயமான கேள்வி. ஒரே பெரிய பெட்டியை மேடைப் பக்கம் வைத்துக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஏற்றினால் முன்வரிசைக்குக் காது போகும், மாடி வீட்டுக்கு ஜன்னல் அதிரும். அதற்குப் பதில் சின்னப் பெட்டிகளைத் தெரு நெடுக, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, குறைந்த சத்தத்தில் வைக்கலாம். நான் சொல்லிப் பார்ப்பேன். பணம் கொடுக்கிற கமிட்டிக்காரர் வந்து 'சவுண்டே இல்லையே, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க' என்பார். சத்தம் கம்மியானால் விழா சப்பென்று போய்விட்டதாக அவர்களுக்கு ஒரு நினைப்பு.

சக்கரம்:
மேடையா மேஜையா என்று அடித்துக்கொள்கிறீர்கள், தெருவில் ஓடும் வண்டியைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான தெருக்களை ஒப்பிட்டு 1972இல் வெளியிட்டார். நாளைக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வண்டி போகும் தெருவில் 0.9. அதாவது முழுசாக ஒரு ஆள்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரரைத் தெரியாமல் போவது கூச்சத்தால் மட்டுமில்லை, நடுவில் ஓடும் வண்டியாலும்தான்.

செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த நகரப் பகுதியிலும் சொந்தக் கார் ஓட்டத் தடை. பஸ், டாக்சி, அவசர வண்டி போன்றவை மட்டும் போகும். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974இல் தொடங்கியது, இப்போது ஞாயிறுதோறும் காலை 7 முதல் மதியம் 2 வரை 100 கிலோமீட்டருக்கு மேல் சாலையை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு வேண்டாம் என்றால், 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் சில இளைஞர்கள் பார்க்கிங் மீட்டரில் காசு போட்டு, ஒரே ஒரு கார் நிற்கும் இடத்தில் புல் விரித்து ஒரு பெஞ்சும் ஒரு மரமும் வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்களே, அதையாவது செய்யுங்கள். பிறகு அது பல ஊர்களில் செப்டம்பர் மூன்றாம் வெள்ளிக்கிழமை நடக்கிற விஷயமாகிவிட்டது. நிகழ்ச்சி நிரலே வேண்டாம். தெருவை மூடுங்கள், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

மூன்றாம்மாடி:
சக்கரம், அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். சத்தமில்லாத தெருவைப் பார்த்துக் குடும்பத்தோடு குடியேறி நெடுநாள் தங்குகிறவர்களுக்கு அங்கே நண்பர்கள் அதிகம் இருப்பது இயல்புதானே, எல்லாப் பழியையும் வண்டிமேல் போட முடியுமா? அப்புறம், 364 நாள் 16,000 வண்டி ஓடிவிட்டு ஒரு நாள் மூடினால் என்ன மாறிவிடும்?

எதற்காகப் பழகவேண்டும் என்பதையும் பேசுவோம். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெயிலில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் தனியாக வசித்த முதியவர்கள் ஏராளம். எரிக் கிளினென்பர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருந்த இரண்டு வட்டாரங்களை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழை முதியவர்கள் நிறைய. ஆனால் கடைகளும் நடமாட்டமும் இருந்த வட்டாரத்தில் சாவு மிகக் குறைவு. காரணம் திருவிழா இல்லை, அன்றாடம் வெளியே வந்து போகும் பழக்கம். எனக்குக் கீழ்வீட்டுப் பெரியவரின் மகள் நம்பர் என் போனில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதை மேடைக்கு முன்னால் உட்கார்ந்து வாங்க முடியாது.

ஒலிபெருக்கி:
அந்த வட்டாரத்தில் வாசல் மேஜை போட்டதாகவும் யாரும் எழுதவில்லையே சார்.

தெருமுனை:
சக்கரம் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. அனுமதி வாங்க அலைகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். தீயணைப்பு வண்டிக்கு வழி விடாமல் எந்த ஊரிலும் விட மாட்டார்கள். பிரிட்டனில் பொதுவாக 3.7 மீட்டர் அகலம் கேட்பார்கள், அமெரிக்காவில் 20 அடி. எங்கள் தெருவில் அவ்வளவு விட்டால் மேஜை ஒரு பக்கம்தான் போட முடியும். வாராவாரம் மூடுவது என்றால் கார் வைத்திருக்கிறவர்கள் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். ஒரு நாள் என்றால் சமாதானப்படுத்தலாம்.

வாடகைவீடு:
இவ்வளவு நேரம் பேசியவர்களில் பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர் என்று நினைக்கிறேன். போன வருடம் நான் குடிவந்த கொஞ்ச நாளில் கீழே பந்தல், மேடை, கூட்டம். யார் வீட்டுக் கல்யாணமோ என்று பால்கனியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். தெரு விழா என்பதே பிறகுதான் தெரிந்தது. அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததாம், அந்தக் குழுவில் உரிமையாளர்கள் மட்டும்தான். பல நாடுகளில் பள்ளியும் கல்லூரியும் தொடங்குகிற சமயம் என்பதால் புதுக் குடித்தனம் அதிகம் வருவதே இந்த மாதங்களில்தான். அவர்களை விட்டுவிட்டு யாரோடு யார் பழகப் போகிறீர்கள்?

அதற்கு முன் இருந்த இடத்தில் வேறு மாதிரி நடந்தது. கதவடியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது, கையால் எழுதியது. 'சனிக்கிழமை 3 மணிக்கு நாற்காலி இறக்க ஆள் வேண்டும், வர முடியுமா?' கீழே ஒரு பெயர், வீட்டு எண். அனைவரும் வருக என்று இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். வேலைக்குக் கூப்பிட்டதால் போனேன். விருந்தாளியாகப் போனால் எங்கே நிற்பது, யாரிடம் பேசுவது என்று கை காலை வைக்க இடம் தெரியாது, கையில் நாற்காலி இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை. அது பெரிய விழாவா சின்ன விழாவா என்பதுகூட இப்போது சரியாக ஞாபகமில்லை, நாற்காலி இறக்கியவர்கள் பெயர் ஞாபகம் இருக்கிறது.

தென்திசை:
ஆஸ்திரேலியாவில் இருக்கிற எங்களுக்கு இலையுதிர்காலம் மார்ச்சில். உங்கள் சண்டையின் முடிவைச் சொல்லிவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

இரவுப்பணி:
வாடகைவீடு சொன்ன சீட்டு விஷயத்தைச் சங்கத்தில் கட்டாயம் சொல்லுங்கள். நானும் ஒன்று சேர்க்கிறேன், தேதியையும் நேரத்தையும் சும்மா பழக்கத்துக்கு வைக்காதீர்கள். அமெரிக்காவில் 1984இலிருந்து தெருக்காரர்களும் போலீசும் சேர்ந்து கூடும் ஒரு நாள் உண்டு, ஆகஸ்ட் முதல் செவ்வாய். டெக்சாஸில் அந்த வெயில் தாங்காது என்று அக்டோபர் முதல் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த மாதிரி உங்கள் ஊருக்கு எது வசதியோ அதைப் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் செப்டம்பர் கடைசியில் பகல் நாளுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் குறைந்துகொண்டே வரும். போன மாதம் வெளிச்சமாக இருந்ததே என்று 6 மணிக்கு ஆரம்பித்தால் அரைமணியில் இருட்டு, அப்புறம் விளக்கு, ஜெனரேட்டர், அதன் சத்தம் வேறு. 3 மணிக்கு ஆரம்பித்து வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள். செலவும் குறையும், எங்களுக்கும் ஓர் அரைத் தூக்கம் மிஞ்சும்.

மூன்றாம்மாடி:
செலவு என்றதும் ஞாபகம் வந்தது. தெருமுனை சார், வசூல் கணக்கை யார் பார்க்கப்போகிறார்கள்? மேடை என்றால் நன்கொடை, நன்கொடை என்றால் பேனர், பேனர் என்றால் யார் படம் பெரிது என்ற பிரச்சினை. நான் இன்னும் எதிர்ப்புதான்.

தெருமுனை:
பேனர் கிடையாது, கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன், வாடகைக்கு இருப்பவர்கள் உட்பட ஒவ்வொரு கதவுக்கும் சீட்டு போகும், அதில் அவரவருக்கு ஒரு வேலை இருக்கும். நாற்காலியை வரிசையாகப் போடாமல் மேஜையைச் சுற்றிப் போடலாம் என்றும் கேட்டுப் பார்க்கிறேன். மேடையை மட்டும் விட மாட்டேன், ஆனால் சின்னதாக, தெருவின் ஒரு முனையில், மாடி வீடுகள் இல்லாத பக்கமாக. வாசல் கூட்டம் வேண்டும் என்பவர்கள் அதற்கடுத்த ஞாயிறுகளில் தாராளமாகப் போடுங்கள் மூன்றாம்மாடி சார், மடக்கு மேஜையைச் சங்கமே தரும். அப்போது யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம்.

மூன்றாம்மாடி:
மேஜையை வாங்கிக்கொள்கிறேன். நன்கொடை தர மாட்டேன்.

இரவுப்பணி:
சாயங்காலம் 6 மணிக்கு மைக் நிறுத்தப்படும் என்று சீட்டிலேயே அச்சடிக்க முடியுமா, முடியாதா?

தெருமுனை:
அச்சடிக்கலாம். பரிசளிப்புதான் எப்போதும் கடைசியில் இழுத்துவிடும்.

இரவுப்பணி:
அப்படியானால் பரிசளிப்பை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.