அரங்கேற்றத்துக்கு ஸ்டில்ஸ், வீடியோ இரண்டும்: எந்த மிரர்லெஸ், எந்த ஜூம்?

சலங்கை:
வணக்கம். பெங்களூரில் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் எடுக்க ஒரு மிரர்லெஸ் கேமராவும் ஜூம் லென்ஸும் வாங்கணும். கேமரா பாடி, லென்ஸ் சேர்த்து இரண்டு லட்சம். பெரும்பாலும் சௌடையா ஹால், ஜே.சி. ரோடு ரங்கமந்திரா மாதிரி இடங்கள். மற்ற நாட்களில் டீச்சர்களின் வீட்டில் பேட்டி வீடியோ. இப்போ கையில் இருப்பது இரவல் கேமரா, அதோடு வந்த சாதா கிட் லென்ஸ். மூன்று தொல்லை: வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடுது, ஜூம் பண்ணினால் படம் இருட்டுது, வர்ணம் என்கிற நீண்ட உருப்படி பாதியில் இருக்கும்போது கேமரா சூடாகி நின்னுடுது. புதுசு வாங்கினால் மூன்றும் தீருமா?

முக்காலி:
முதலாவதுக்குப் பணமே வேண்டாம். இரண்டாவதைப் பணமில்லாமல் சமாளிக்கலாம், ஆனால் படத்தின் தரம் குறையும்.

பட்டை: நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். கேமரா என்டிஎஸ்சி-யில் (60 ஹெர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 என்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, பட்டை நகரும். மெனுவில் பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது) முறைக்கு மாற்றி 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். 1/100-ம் சரிதான்.

இருட்டு: கிட் லென்ஸில் விரிந்த முனையில் எஃப் 3.5 திறப்பு கிடைக்கும், நீட்டினால் 6.3-க்கு இறங்கும். எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறையும். மேனுவலில் தொடக்கத்திலேயே 6.3 வைத்துவிட்டால் படம் ஒரே அளவில் இருக்கும், ஆனால் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) எகிறும். 2.8-க்கும் 6.3-க்கும் வெளிச்சத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம். 2.8-ல் ஐஎஸ்ஓ 3200 போதும் என்றால் 6.3-ல் 16000 வேணும். பட்டுப்புடவைச் சரிகை பூராவும் மணல் தூவின மாதிரி ஆகிடும். லென்ஸில் காசு போடச் சொல்வது இதனால்தான்.

சூடு மட்டும்தான் பாடி சம்பந்தப்பட்டது.

அல்சூர்_ஏரி:
சோனி ஏ6700 பாடி, டாம்ரான் 17-70 மிமீ எஃப் 2.8 லென்ஸ். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைத் தாங்குவது), நிறம் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வீடியோ, மைக் ஹெட்ஃபோன் இரண்டுக்கும் துளை. லென்ஸ் 525 கிராம், அதிலும் ஸ்டெபிலைசேஷன் உண்டு, ஜூம் முழுக்க 2.8 மாறாது.

கண்ணாடிக்கண்:
@அல்சூர்_ஏரி கண்ணைத் திறந்து ஒரு கணக்குப் போடுங்க. சலங்கை, நீங்க உட்காரும் இடத்திலிருந்து மேடை எத்தனை மீட்டர்?

சலங்கை:
ஏழு, எட்டாவது வரிசை. சுமார் 12 மீட்டர் இருக்கும்.

கண்ணாடிக்கண்:
ஏ6700-ல் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சார், அதன் உயரம் 15.6 மிமீ. அதைத் தூரத்தால் பெருக்கி ஃபோக்கல் லெங்த்தால் வகுத்தால் ஃபிரேமில் எத்தனை மீட்டர் உயரம் அடங்கும் என்று வரும். 12 மீட்டரில், கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால்:

50 மிமீ: 3.7 மீட்டர். இரண்டு மூன்று பேர் குழுவுக்கு.
70 மிமீ: 2.7 மீட்டர். ஒரு ஆள் முழு உருவம், தலைக்கு மேல் கை தூக்க இடம்.
180 மிமீ: 1 மீட்டர். இடுப்புக்கு மேல்.

ஆக 17-70 அலாரிப்புக்கும் தில்லானாவுக்கும் சரி. பதம் என்கிற அபிநய உருப்படியில் கண் கலங்குவதும், முகத்துக்குப் பக்கத்தில் கடகாமுக முத்திரையின் விரல்கள் மடங்குவதும் வேணும் என்றால் எட்டாது. அதற்கு டாம்ரான் 70-180 எஃப் 2.8, இரண்டாம் தலைமுறை. முதல் தலைமுறையில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, பழசு வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள்.

இரண்டு லட்சத்துக்குள் ரெண்டு லென்ஸும் வராது. பேட்டிக்கும் தினசரிக்கும் 17-70-ஐ வாங்குங்க, நிகழ்ச்சி அன்றைக்கு 70-180-ஐ வாடகைக்கு எடுங்க. பெங்களூரில் லென்ஸ் வாடகை எளிது. அடையாள அட்டையும் டெபாசிட்டும் கேட்பாங்க. கடையிலேயே உங்க பாடியில் மாட்டி, இரண்டு முனையிலும் ஃபோகஸ் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

ஃபுல்ஃபிரேம்_பித்தன்:
சூடுதான் தொல்லை என்றால் பானசோனிக் எஸ்5 மார்க் 2 பாருங்க. உள்ளேயே ஃபேன், இரண்டு கார்டு. வர்ணம் என்ன, கச்சேரி முழுக்க ஓடும்.

கண்ணாடிக்கண்:
பாடி அருமைதான், மறுக்கலை. ஆனால் அது ஃபுல்ஃபிரேம், சென்சார் பெரிசு; அதில் அதே நெருக்கத்துக்கு ஒன்றரை மடங்கு நீளம் வேணும். 180 செய்த வேலைக்கு 270. அந்த நீளத்தில் 2.8 வெளிச்சமும் கேட்டால் எடையும் விலையும் தாங்காது. பேட்டி மட்டும் எடுப்பவராக இருந்தால் உங்க கட்சிதான் நான்.

முக்காலி:
ஏ6700-லும் வர்ணம் ஓட்டலாம். 4கே 25 ஃபிரேம் போதும், 50 வேண்டாம். தானாக அணையும் வெப்ப அளவை மெனுவில் 'ஹை' ஆக்குங்க. திரையை உடம்போடு ஒட்டி வைக்காமல் பக்கவாட்டில் விரிச்சு வையுங்க. உருப்படிக்கு உருப்படி ரெக்கார்டிங்கை நிறுத்துங்க, ஒப்பனை இடைவேளையில் அணைச்சே வையுங்க. சி-டைப் வழியாக பவர் டெலிவரி (பிடி) வகை பவர்பேங்கும் போடலாம்.

கார்டு: 10 பிட் 4:2:2 நிறத் தரத்தில் 25 ஃபிரேம் என்றால் நொடிக்கு 140 மெகாபிட் (எம்பிபிஎஸ்), மணிக்கு 63 ஜிபி. இரண்டரை மணி நேரத்துக்கு 157. 128 ஜிபி கார்டு கடைசியில் மங்களம் வரும்போது கை விரிச்சிடும், 256 வாங்குங்க. வேகத்துக்கு வி30 குறி போட்ட கார்டு போதும், அது 240 எம்பிபிஎஸ் வரை தாங்கும்.

சலங்கை:
ரொம்ப நன்றி. வீடியோ எடுத்து அதிலிருந்தே ஸ்டில்ஸ் வெட்டிக்கலாமா? ஒரே ஆள்தான் நான்.

கண்ணாடிக்கண்:
கூடாதுங்க. 4கே ஃபிரேம் வெறும் 8 மெகாபிக்சல். அதைவிடப் பெரிய குறை ஷட்டர்: வீடியோவுக்கு 1/50, அதில் தட்டிமெட்டு அடவில் பாதமே தெரியாது, புகைதான். ஸ்டில்ஸுக்கு 1/250-ஆவது வேணும். இரண்டும் ஒரே பாடியில் ஒரே நேரத்தில் நடக்காது. இரவல் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி மேடை முழுக்கத் தெரிகிற மாதிரி ஓடவிடுங்க, புதுசில் ஸ்டில்ஸ் எடுங்க. அல்லது யார் பணம் கொடுக்கிறாங்களோ அவங்க எது கேட்டாங்களோ அது மட்டும்.

1/250 போனதும் பட்டை திரும்ப வரும், பயப்படாதீங்க. மெக்கானிக்கல் ஷட்டர் வைத்து ஆன்டி-ஃபிளிக்கர் ஆன் பண்ணினால், விளக்கு முழுசாக எரியும் நொடியில் கேமரா க்ளிக் பண்ணும். சைலன்ட் மோடில் இது வேலை செய்யாது. சத்தம் உறுத்தும்தான், தீர்மானத்தில் (ஜதியின் முடிப்பில்) மிருதங்கத்தோடு சேர்த்து அடிச்சால் யாருக்கும் கேட்காது, பதத்தில் கையைக் கட்டிக்கிட்டு இருங்க.

மலிவு எல்ஈடி மேடை விளக்குகள் (பார் லைட்) 100 ஹெர்ட்ஸில் துடிக்காது, அதற்கு வேரியபிள் ஷட்டர்தான் வழி. ஒத்திகையில் திரையைப் பார்த்துக்கிட்டே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்க, பட்டை அகலமாகி மறையும் இடத்தில் விடுங்க.

முக்காலி:
இன்னொன்று, ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய வைக்கும் நிறச் சமன்) ஆட்டோவில் விடாதீங்க. லைட்மேன் நீலம், சிவப்பு என்று மாற்ற மாற்ற முகமும் நிறம் மாறும். பழைய ஹாலஜன் என்றால் 3200 கெல்வின், வெள்ளை எல்ஈடி என்றால் 5600, அதோடு பூட்டுங்க. சிவப்பு விளக்கில் சிவப்புப் பட்டு வந்தால் ஜீப்ரா (அதிக வெளிச்சத்தை எச்சரிக்கும் கோடுகள்) காட்டாது, ஆனால் சிவப்பு சேனல் மட்டும் வெடிச்சு மடிப்பெல்லாம் ஒரே தடவலாகிடும். அந்த இடத்தில் எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறைச்சு எடுங்க.

அல்சூர்_ஏரி:
சரி, கணக்கில் தோத்துட்டேன். வாங்கும்போது இதைப் பாருங்க: ஜிஎஸ்டி பில், இந்திய வாரன்டி, பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் பாடி அடியில் இருப்பதும் ஒன்றா என்று. பில் இல்லாமல் பத்தாயிரம் குறைச்சுத் தர்றேன் என்றால் கிளம்பிடுங்க. 17-70-க்கு ஃபில்டர் 67 மிமீ, 70-180-க்கும் அதே அளவுதான், ஒன்றே போதும்.