ஒக்கி அடித்த திருவருகைக்காலம்: விழித்திருந்தவர்கள் சொல்கிறார்கள்

சின்னத்துறைப் பக்கம், மறைக்கல்வி ஆசிரியை:

கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக்காலம் வந்தாலே பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "டீச்சர், உலகம் எப்போ முடியும்?" யூடியூபில் யாரோ ஒருவர் தேதி சொல்லியிருப்பார். அதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காத பிள்ளைகளும் உண்டு. நான் தேதிக் கணக்கில் இறங்குவதே இல்லை. 2017-ல் ஒக்கிப் புயலின்போது எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் நடந்ததைச் சொல்வேன். அப்போது இங்கே இருந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம். நானே தொடங்குகிறேன்.

அந்த வருடம் நவம்பர் 26 கிறிஸ்து அரசர் பெருவிழா. மத்தேயு 25 வாசித்தார்கள். பசியாயிருந்தேன், உணவு கொடுத்தீர்கள்; அந்நியனாயிருந்தேன், ஏற்றுக்கொண்டீர்கள் என்று அரசர் சொல்கிற பகுதி. 30-ஆம் தேதி வியாழக்கிழமை, புனித அந்திரேயா திருவிழா. வலையை விட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போன மீனவர் அவர். அன்றைக்குத்தான் ஒக்கி அடித்தது. டிசம்பர் 3 திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. வாசகம் மாற்கு 13. வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும்போதோ, விடியும்போதோ தெரியாது, விழித்திருங்கள் என்கிற பகுதி. புயலுக்காக யாரும் தேடி எடுத்தது இல்லை, நாட்காட்டிப்படி வந்த வாசகம்தான். ஆனால் கோவிலில் இருந்த பெண்களில் எத்தனையோ பேருடைய கணவனும் மகனும் அப்போது கடலில். "எப்போது திரும்புவார் என்று தெரியாது" என்று வாசித்தபோது எழுந்த அழுகையில் பங்குத்தந்தையால் மேலே படிக்க முடியவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை ஆட்கள் பெரும்பாலும் காலையில் போய் மாலையில் கரை சேர்கிறவர்கள் அல்ல. கொச்சியிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் அங்கேயேதான். கடல் சரியில்லை என்று முந்தின நாள் கரையில் சொன்னது அவர்கள் காதுக்கு எட்டாது. 30-ஆம் தேதி காலையில்தான் அதைப் புயல் என்றே அறிவித்தார்கள்.

அதே வாசகத்தில் இன்னொன்று இருக்கிறது. வீட்டுத் தலைவர் வெளியூர் போகும்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த வாரம் எங்களுக்கு வாய்த்த வேலை, பெயர் எழுதுவது. கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதே யாருக்கும் தெரியவில்லை. கேட்கிற இடமெல்லாம் ஒவ்வொரு எண்ணிக்கை. ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் நாங்களே எழுதினோம்: ஆளின் பெயர், படகின் பெயர், கடைசியாகப் பேசிய நாள். படகின் பெயர் தெரியாத வீடுகள் நிறைய. "கொச்சியில யாரோட போட்லயோ" என்பார்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்போது கை நடுங்கும். செபமாலையை விட அந்த நோட்டுதான் அந்த வாரம் முழுவதும் என் கையில் இருந்தது. அதுவும் செபம்தான் என்று நான் நம்புகிறேன்.

வள்ளவிளை, கடல் தொழில்:

டீச்சர் கரையைச் சொன்னார். நான் கடலைச் சொல்கிறேன்.

விசுவாசம் உள்ளவனுக்குப் பயம் இருக்காது என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் படகில் பயப்படாதவன் ஒருத்தனும் இல்லை. அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, அலைக்கு நேராகப் பிடித்தால்தான் பிழைக்கலாம். கொஞ்சம் திரும்பினால் அப்படியே கவிழ்த்துவிடும். படகை ஓட்டுகிற ஸ்ராங்கு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வீல் பக்கத்திலேயே நின்றார். கேபின் கண்ணாடி உடைந்து தண்ணீர் முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. வயர்லெஸில் கரகரப்புக்கு நடுவே யாரோ படகின் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறியது. எஞ்சின் நின்றால் கதை முடிந்தது. வாளியால் இறைத்தோம். மூத்தவர் ஒருவர் சத்தமாக "அருள் நிறைந்த மரியே" தொடங்குவார், நாங்கள் "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று முடிப்போம்; அந்தத் தாளத்தில்தான் வாளி கை மாறியது. நடுவில் ஒருவன் செபத்தை விட்டுவிட்டு, "ஆண்டவரே, நாங்க சாகிறது உமக்குக் கவலையில்லையா" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினான். சீடர்களும் அதைத்தானே கேட்டார்கள்? படகின் பின்பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கேட்டார்கள். அதற்காக அவர் அவர்களைக் கடலில் தள்ளவில்லை.

எங்களுக்குக் காற்று உடனே அடங்கவில்லை. ராத்திரி முழுக்க அடித்தது. விடிந்த பிறகு கவிழ்ந்த படகு ஒன்றைப் பார்த்தோம். அதன் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். கயிறு எறிந்தோம், எட்டவில்லை. திருப்பிக்கொண்டு வருவதற்குள் அலை எங்களை வேறு பக்கம் இழுத்துவிட்டது. அப்புறம் அவர்களைக் காணவில்லை.

சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். போவேன், ஆண்டவருக்கு நன்றி சொல்வேன். ஆனால் எங்கள் செபம் கேட்கப்பட்டது, அவர்களுடையது கேட்கப்படவில்லை என்று பொருள் வருகிற மாதிரி ஒரு வார்த்தை என் வாயில் வராது. அவர்களும் அதே செபத்தைச் சொன்னவர்கள்தான். அதற்கு என்ன பதில் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர் அங்கேயும் இருந்தார் என்று நம்புகிறேன். நம்பாவிட்டால் திரும்பக் கடலில் கால் வைத்திருக்க முடியாது.

கடைசியில் லட்சத்தீவில் கல்பேனிப் பக்கம் ஒதுங்கினோம். அந்தத் தீவே புயலில் அடிபட்டு, தென்னைகள் முறிந்து கிடந்தது. முஸ்லிம் மக்கள். எங்களை யார் என்று கேட்பதற்கு முன்னால் உலர்ந்த துணி கொடுத்தார்கள். சோறும் மாசிக் கருவாடும் வைத்தார்கள். கழுத்தில் செபமாலை தொங்கியதைப் பார்த்த ஒரு பெரியவர், "முதலில் சாப்பிடு மோனே, பிறகு தொழு" என்றார். புயலுக்கு நாலு நாள் முந்தின ஞாயிறு கோவிலில் வாசித்த மத்தேயு 25-ஐ டீச்சர் எழுதியிருக்கிறார். நான் அன்றைக்குக் கோவிலில் இல்லை, கடலில் இருந்தேன். எனக்கு அந்த வாசகம் தீவில்தான் கிடைத்தது.

மார்த்தாண்டம், சி.எஸ்.ஐ. சபை:

கர்த்தருடைய வருகை சமீபம் என்று விசுவாசிக்கிறவள் நான். அதில் இன்றைக்கும் மாற்றமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புயலுக்குப் பிறகு ஒரு கூட்டத்தில் ஊழியர் ஒருவர் வருகையின் அடையாளங்களைச் சொல்லுகிற லூக்கா 21-ஐ எடுத்து, சமுத்திரமும் அலைகளும் முழங்கும் என்ற வசனம் நிறைவேறியது என்று பிரசங்கித்தார். ஆமென் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கரை. அங்கே பிள்ளைகள் அப்பாவைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அவர்களுடைய கண்ணீரை நமக்கு அடையாளமாக எடுத்துக்கொள்வது சரியா?

டிசம்பர் 7 அன்று கடலோர மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. பொழுது சாய்ந்தும் எழவில்லை. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சிலர் தண்ணீரும் கஞ்சியும் கொண்டுபோனோம். அங்கே பழக்கமான ஒரு பெண்ணின் வீட்டுக்குப் பிறகு அடிக்கடி போனேன். அவள் கணவர் வரவில்லை.

அவள் மாதா மாதம் அவருடைய நம்பருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வரும். ஆனாலும், "நம்பர் கட்டாயிட்டா அவரு எப்படிக்கா கூப்பிடுவாரு" என்பாள். காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் ஏற்க ஏழு வருடம் ஆகும். மீனவர்களுக்காக அதைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுக்க அரசு முன்வந்தபோது, ஊரே நிம்மதி அடைந்தது. இவளுக்கு மட்டும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட முடியவில்லை. போட்டால் நானே அவரைச் சாகடித்த மாதிரி ஆகிவிடும் என்றாள். பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் கடைசியில் போட்டாள்.

நான் அவளுக்கு வசனம் எதுவும் சொல்லவில்லை. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற ஆபகூக்கின் வார்த்தையை எங்கள் சபையில் அடிக்கடிப் பாடுவோம், சாட்சியில் சொல்லுவோம். அவள் வீட்டுத் திண்ணையில் அது என் வாயில் வரவில்லை. சும்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். கர்த்தர் அந்த மத்தியானத்தில் வந்திருந்தாலும் அந்தத் திண்ணையில் என்னைக் கண்டிருப்பதில் எனக்கு வெட்கமில்லை.

கொழும்பு, கொச்சிக்கடை:

நான் ஒக்கியைக் காணவில்லை. எங்கட துன்பம் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு எங்கும் பூசை இல்லை. கர்தினால் தன் இல்லத்தில் பூசை வைத்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கட ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் ஒரே சத்தம். முழங்காலில் நின்றபடி, எழும்பும் நேரத்தில் எழும்பி, வீட்டுக்குள்ளேயே பதில் சொன்னோம். கோயில் திரும்பத் திறந்த பிறகு முதல் தரம் உள்ளே போகக் கால் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கோ, ரெண்டு பேருமாப் போவம்" என்றா. அவ்வளவுதான்.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்:

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு கேள்வி. இப்போது படகுகளில் சாட்டிலைட் போன், செயற்கைக்கோள் வழியாக இயங்கும் நாவிக் கருவி எல்லாம் வந்துவிட்டது. பெயர்ப் பதிவு, லைஃப் ஜாக்கெட் என்று இவ்வளவு ஏற்பாடு செய்கிறோம். இது கடவுள்மேல் நம்பிக்கை குறைந்ததாக ஆகாதா? எங்கள் செபக்குழுவில் ஒருவர் அப்படித்தான் சொன்னார்.

சின்னத்துறைப் பக்கம், மறைக்கல்வி ஆசிரியை:

ஆகாது தம்பி. நோவாவிடம் ஆண்டவர் மழை வரும் என்று மட்டும் சொல்லவில்லை. எத்தனை முழ நீளம், எத்தனை முழ அகலம், எங்கே கீல் பூச வேண்டும் என்று அளவோடு சொன்னார். எகிப்தில் யோசேப்பு ஏழு வருடம் தானியம் சேர்த்தார். மணமகன் வரத் தாமதமாகும் உவமையில் விளக்கோடு எண்ணெயும் கொண்டுபோன ஐந்து கன்னியரை நம்பிக்கை இல்லாதவர்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லையே. உங்கள் செபக்குழுவில் சொன்னவரைக் கடற்கரைக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், வீடுகளைக் காட்டுகிறேன்.

ஒக்கியில் தொடங்கிய அந்த நோட்டை, பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற எங்கள் அன்பியத்தில் நாங்கள் விடவில்லை. யார், எந்தப் படகு, பதிவு எண், எந்தத் துறைமுகம், கிளம்பிய தேதி, வீட்டில் யாருக்கு அழைக்க வேண்டும் என்று எழுதுகிறோம். அசாம், ஒடிசாவிலிருந்து வந்து நம் படகில் வேலை செய்கிற தம்பிகளின் பெயரும் ஊரும் அதில் இருக்கிறது. அவர்களைத் தேட இங்கே ஆள் இல்லை. மன்றாட்டு நேரத்தில் அந்தப் பெயர்களைத்தான் வாசிக்கிறோம்.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நோட்டைப் புதுப்பிக்கிறோம். கொச்சியிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் கிளம்புகிறவர்கள் படகின் பெயரையும் எண்ணையும் இன்றைக்கே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும்.